முன்சக்கரத்தில் எடுத்த அளவு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணியின் போன் வந்தது. பிக்கப்காரரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு நின்றபடியே பேசினாள். பேசினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நாலு நாள் தாங்குமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போய்க்கொண்டிருந்தது அவளுடைய ஒரே அண்ணனின் உயிர். அவர் மெக்கானிக். நாற்பது வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு புகையையும் பெயின்ட் தூளையும் உள்ளே இழுத்ததில், நுரையீரல் இரண்டும் கையை விரித்துவிட்டன. இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். "தங்கச்சி வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். டாக்டர் மூன்று நாள் சொல்லியிருக்கிறார், மிஞ்சினால் நாலு.

இதிலே என்ன யோசனை, பஸ் ஏறினால் போயிற்று என்பீர்கள். பஸ் இருந்தால் ஏற மாட்டார்களா? முந்தின வாரத்து மழையில் ஆற்றுப் பாலம் நடுவில் இடிந்து, பஸ்ஸெல்லாம் நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கம் போக மிச்சம் இருந்த ஒரே வழி பழைய கல்குவாரி ரோடு. அறுபது கிலோமீட்டரும் ஜல்லி, பள்ளம், ஒற்றை வண்டிப் பாதை. ஒருத்தன் டயர் வெடித்து நடுவில் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். அதனால் குவாரி வாசலில் ஒரு கேட்டைப் போட்டு, பக்கத்தில் ஓர் ஆளையும் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டெப்னி என்கிற மாற்றுச் சக்கரம் இல்லாத வண்டியை அந்த ஆள் உள்ளே விடுவதில்லை. அழுதாலும் விடுவதில்லை, சத்தம் போட்டாலும் விடுவதில்லை.

பிக்கப்காரரிடம் பிக்கப் இருந்தது. இருபத்தாறு வயதான வண்டி. ஊரில் யார் வீடு மாறினாலும், யார் கடைக்குச் சரக்கு வந்தாலும் அதுதான் போகும். அதனால் அவருடைய சொந்தப் பெயரை எல்லாரும் மறந்து வெகுநாளாயிற்று. வண்டியில் எஞ்சின் இருந்தது, நாலு சக்கரம் இருந்தது, ஹாரன்கூட இருந்தது. ஸ்டெப்னி மட்டும் இல்லை. ஒன்பது வருடமாக இல்லை.

ஏன் இல்லை என்றால், அதற்கு அவர் ஒரு கதை வைத்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வண்டி ஓர் ஓடையில் இறங்கி, பின்சக்கரம் இரண்டையும் தாங்குகிற ஆக்சில் உடைந்துபோனது. கூடவே இவருடைய வலது காலும் உடைந்தது. இவர் ஆறு வாரம் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். வண்டி மச்சானின் பட்டறையில் கிடந்தது. மச்சான் அப்போது இதே ஊரில்தான் பட்டறை வைத்திருந்தார். ஆக்சிலை மாற்றி, வண்டிக்குப் பெயின்ட் அடித்து, துடைத்து நிறுத்திவிட்டுச் சொல்லி அனுப்பினார். இவர் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு போய், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியாக ஸ்டெப்னியைப் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய ஆறு போல்ட் ஓட்டைகளும் ஒரு பக்கமாக நீண்டு கிடந்தன.

மனுஷனுக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில். "என் நல்ல சக்கரத்தை எவனுக்கோ மாத்தி விட்டுட்டு, ஓட்டை தேஞ்ச சக்கரத்தை என் தலையில கட்டப் பாக்குறியா?" என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். மச்சானுக்கு மட்டும் கோபம் எங்கே இருந்தது? அவருக்கும் அதே இடத்தில்தான். "அப்படித்தான்னு வச்சுக்க மாப்ள. நம்பிக்கை இல்லாதவன் வண்டியில இனிமே நான் கை வைக்கமாட்டேன்" என்றார். அதோடு சரி. இரண்டு வருடம் கழித்து அவர் பட்டறையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பாலம் இருந்த காலத்தில் தங்கை தனியாகப் பஸ்ஸில் போய் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தாள். இவர் போகவில்லை.

அந்தச் சக்கரத்தை என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? வீட்டுக்குப் பின்னால் படுக்கப்போட்டு, நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, சிமென்ட்டைக் கரைத்து ஊற்றிவிட்டார். துணிக்கொடிக்குக் கம்பம் ஆயிற்று. "அவன் குடுத்தது இதுக்குத்தான் லாயக்கு" என்று அன்றைக்குச் சொன்னார். அதற்குப் பிறகு மனைவி அண்ணன் என்று வாயைத் திறந்தாலே, "அந்தப் பேச்சை எடுக்காத" என்பார். ஒன்பது வருடமாக அவள் அந்தக் கம்பத்தில்தான் அவருடைய சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பத்து மணிக்குப் பால்வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"அக்கா, மத்தியானம் குவாரி வழியா அந்தப் பக்கந்தான் போறேன். முன்னால ஒரு சீட்டு இருக்கு. வாங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விட்டுடறேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "நம்ம வாசல்ல வண்டி நிக்குது, நீ எதுக்கு அடுத்தவங்க வண்டியில ஒண்டிக்கிட்டுப் போகணும்? ஒரு நாள் பொறு. ஸ்டெப்னி ஒண்ணு தேடிட்டேன்னா ரெண்டு பேருமே போயிடலாம்."

"நீங்களும் வர்றீங்களா?" என்றாள் அவள்.

"பின்னே? மச்சான் இல்லையா?"

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் நின்றாள். இருவரும் ஒரு தடவை முகத்துக்கு முகம் நின்று பேசிவிட மாட்டார்களா என்று ஒன்பது வருடமாக ஏங்கியவள் அவள். பால்வண்டிக்காரரிடம், "நீங்க போங்க தம்பி, நாங்க நாளைக்கு வந்துடறோம்" என்று சொல்லி அனுப்பினாள்.

பிக்கப்காரருடைய ஆசையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் வரும். பிக்கப்பை நேரே ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைக்காமல் ஓடவிட வேண்டும். சத்தத்தைக் கேட்டதும் மச்சானுக்குத் தெரிந்துவிடும், எந்த வண்டி, யார் வந்திருப்பது என்று. அப்புறம் மாடி ஏறிப்போய், "மச்சான், நீ மாட்டின ஆக்சில், இன்னிக்கு வரைக்கும் ஒரு முனகல் இல்ல" என்று சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. அதற்குப் பதிலாக இதை வைத்திருந்தார். நல்ல ஆசைதான். ஆனால் சாகக் கிடக்கிறவனுக்கு முன்னால் நம் ஆசையா பெரிது?

சரி, ஸ்டெப்னிக்கு வருவோம். இருபத்தாறு வயது வண்டிக்கு டயர் கிடைத்துவிடும், டிஸ்க் கிடைப்பதுதான் கஷ்டம். டயர் ஏறி உட்காருகிற அந்த இரும்புச் சக்கரத்தில் ஆறு போல்ட் ஓட்டையும் இம்மி பிசகாமல் ஒத்துவர வேண்டும். புது வண்டிகளில் எல்லாம் ஐந்து போல்ட்தான். ஆகவே பிக்கப்காரர் மூளையைச் செலவழித்தார். சோப்பு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தார். இடது முன்சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துக் கழற்றினார். போல்ட் முனைகளில் கிரீஸைத் தடவி, அட்டையை வைத்து அமுக்கினார். ஆறு கறுப்பு வட்டம் விழுந்தது. கத்தியால் ஆறையும் வெட்டியெடுத்தார். இனி எந்தக் கடைக்குப் போனாலும் அட்டையை வைத்துப் பார்த்தால் போதும். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

பின்சக்கரத்தில் அளவு எடுக்கவில்லை. பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றது, ஜாக்கி வைக்க வேண்டுமானால் வண்டியை நகர்த்த வேண்டும். நாலும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டார்.

மனைவி பின்கதவில் வந்து நின்றாள். அட்டையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "என்னங்க, அந்தப் பழைய சக்கரத்தை அண்ணன் அப்ப வந்து…"

"அந்தப் பேச்சை எடுக்காத. இந்த அலைச்சலே அந்தச் சக்கரத்தால வந்ததுதான்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பழக்கம் அப்படி.

டயர்கடை அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தார். பின்னால் காற்றடிக்கிற மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீர் கன்னங்கரேல் என்று கிடந்தது.

"இந்த வண்டிக்கு டிஸ்க்கா? நான் கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த வருஷம் பாத்தது. இன்னுமா அதை ஓட்டிட்டு இருக்கீங்க?"

"ஓடுதே, ஓட்டுறேன்."

"அஞ்சு போல்ட்டுன்னா சாயங்காலமே வரவழைச்சுத் தருவேன். ஆறு போல்ட்டுக்கு நான் எங்க போவேன்?" என்று சொன்னாலும், அந்த அம்மாவே எழுந்துபோய்க் குவியலில் இருந்து மூன்று டிஸ்க்கை இழுத்துப் போட்டார். மூன்றும் ஆறு போல்ட்தான். அட்டையை வைத்துப் பார்த்தால் ஒன்றில் கட்டைவிரல் அளவு வித்தியாசம். இன்னொன்றில் போல்ட் சரியாக வந்தது, நடு ஓட்டை சின்னதாக இருந்தது. மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம்.

"டிஸ்க்கை நீங்க கொண்டாங்க, டயரை நான் மாட்டித் தரேன்" என்ற டயர்கடை அம்மா, அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று கேட்டார். "முன்னால மட்டுந்தானா அளவு எடுத்தீங்க? பழைய வண்டியாச்சே, எத்தனை கை பட்டிருக்கோ. பின்னாலயும் ஒரு தடவை வச்சுப் பாத்துடுங்க."

"என் வண்டியை எனக்குத் தெரியாதா?" என்றார் பிக்கப்காரர்.

அந்த அம்மா தோளைக் குலுக்கிக்கொண்டு கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் நாய் படாத பாடு பட்டார். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பட்டறை பட்டறையாக, பழைய இரும்புக்கடை இரும்புக்கடையாக ஏறி இறங்கினார். ஓர் இடத்தில் சிரித்தார்கள். இன்னோர் இடத்தில், வண்டியையே போட்டுவிட்டுப் போங்கள், எடை போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பியதற்குத் திட்டினார். மத்தியானத்துக்குள் அட்டையின் ஓரமெல்லாம் வியர்வையில் ஊறித் தொங்கிவிட்டது. வீட்டில் இருந்து இரண்டு தடவை போன் வந்தது. "கிடைச்சுதா?" என்பாள். "பாத்துட்டே இருக்கேன்" என்பார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஐந்தாவது இரும்புக்கடையில் அது கிடைத்தது. மதிலோரத்தில் இவருடைய வண்டிக்கு இரட்டைப் பிறவியாக ஒன்று, கூரை நசுங்கி, முன்சக்கரம் ஒன்றே ஒன்றோடு குப்புறக் கிடந்தது. பிக்கப்காரர் செடிகொடிகளை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் மண்டிபோட்டு அட்டையை வைத்தார். ஆறு ஓட்டையும் அச்சாகப் பொருந்தின. நடு ஓட்டையும் சரி. அழுகையே வந்துவிட்டது அவருக்கு. இரும்புக்கடைக்காரர் துருப்பிடித்த நட்டுகளைச் சூடுகாட்டிக் கழற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பாத்து, பாத்து, ஓட்டை கெட்டுடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓட்டை விஷயத்தில் மனுஷன் அவ்வளவு கறார்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு அண்ணியின் போன் வந்திருக்கிறது. அண்ணனின் காதில் வைக்கிறேன், பேசு என்றிருக்கிறாள். அந்தப் பக்கம் மூச்சு இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அண்ணா, நாளைக்கு வந்துடறோம். நான் மட்டும் இல்ல, ரெண்டு பேரும்" என்றாள் இவள். மூச்சு ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. அண்ணி போனைத் திரும்ப வாங்கி, "சிரிக்கிறாரு" என்றாள்.

புதன்கிழமை டயர்கடை திறந்ததும் டயரை மாட்டி, காற்றடித்து, ஸ்டெப்னியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். அவள் ஒரு தலையணையும், அண்ணனுக்கென்று துவைத்து மடித்த இரண்டு பருத்தித் துண்டும் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் துண்டு சொரசொரவென்று இருக்குமாம்.

குவாரி கேட்டில் கேட்காரர் பின்னால் வந்து ஸ்டெப்னியைக் குச்சியால் தட்டிப் பார்த்தார். "புதுசா போட்டிருக்கீங்க போல. இப்படித்தான் வரணும். நேத்து ஒருத்தர் வழுக்கை டயரைக் கட்டிட்டு வந்து என்கிட்ட சண்டை போடறாரு. போங்க, போங்க" என்று கம்பைத் தூக்கினார். பிக்கப்காரருக்குப் பரீட்சையில் பாஸ் ஆனது போல இருந்தது. அடுத்த பத்து கிலோமீட்டருக்குப் பேச்சு நிற்கவில்லை. மச்சானிடம் முதலில் என்ன சொல்வது, ஆக்சில் விஷயத்தை எப்போது எடுப்பது, மச்சான் என்ன சொல்லித் திட்டுவார் என்று அவரே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு வந்தார். அவள் சிரித்தாள்கூட. அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்னால் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டுபோய் ஒரு பள்ளத்தில் டங்கென்று இறங்கி நின்றது.

இறங்கிப் பார்த்தார். இடது பின்சக்கரம். டயர் கிழிந்து நார்நாராகக் கிடந்தது, டிஸ்க்கின் விளிம்பு கல்லில் மோதி வளைந்து பிளந்திருந்தது. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "பாத்தியா? இதுக்குத்தான் ரெண்டு நாள் அலைஞ்சேன். கால் மணி நேரம், அவ்வளவுதான்" என்று சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஜாக்கி வைத்தார், நட்டுகளைத் தளர்த்தினார், உடைந்த சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டார். புது ஸ்டெப்னியைத் தொடையில் தாங்கித் தூக்கி மாட்டினார்.

உட்காரவில்லை.

இரண்டு போல்ட் உள்ளே போயின. மூன்றாவது போல்ட் ஓட்டை விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. கழற்றி, ஒரு ஓட்டை தள்ளி மாட்டிப் பார்த்தார். அப்போதும் மூன்றாவது இடித்தது. துரு இருக்கும் என்று துடைத்தார். மண் இருக்கும் என்று ஊதினார். உதைத்தார். சுத்தியலால் தட்டினார். ஆறு தடவையும் சுற்றிச் சுற்றி மாட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் வண்டிக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்துவந்து பின்பக்கத்து போல்ட்டுகளின் மேல் வைத்தார். வித்தியாசம் அரை நகக்கண் அளவு இருக்கும். அவ்வளவுதான். அந்த அரை நகக்கண்ணுக்காக அட்டை மடங்கிக்கொண்டு நின்றது.

அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

பழைய டிஸ்க்கில் புது டயரை ஏற்றலாம் என்றால் அதுதான் பிளந்து கிடக்கிறதே. முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போடலாம் என்றால் அதுவும் இந்த ஸ்டெப்னி அளவுதானே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த அரை நகக்கண் வந்து நின்றது.

"சேராதுங்க" என்றாள் மனைவி. அவள் பின்னால் ஒரு கல்லின் மேல் அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்த ஆக்சில் வேற வண்டியோடது. நம்ம வண்டிக்கு உள்ளது கிடைக்கலன்னு அண்ணன் அதை வாங்கிப் போட்டாரு. பின்னால போல்ட்டு அளவு கொஞ்சம் மாறும்னு அப்பவே சொன்னாரு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அதனாலதான் நம்ம ஸ்டெப்னியை எடுத்து வச்சுக்கிட்டு அரம் போட்டாரு. முன்னால மாட்டினாலும் சேரணும், பின்னால மாட்டினாலும் சேரணும்னு. நீங்க கட்டில்ல கிடந்தீங்க. நான் சாப்பாடு கொண்டு போறப்பல்லாம் பாப்பேன், அந்த ஆறு ஓட்டையையும் தேய்ச்சுட்டே இருப்பாரு. மூணு நாள் தேய்ச்சாரு. கை கொப்பளிச்சுப்போய் அண்ணி எண்ணெய் போட்டு விட்டாங்க."

"அது நம்ம பழைய சக்கரமேவா?"

"நம்ம சக்கரந்தான்."

"ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்ல விட்டீங்களா?" என்றாள். சத்தமும் உயரவில்லை, அழுகையும் வரவில்லை. "ஒன்பது வருஷத்துல எத்தனை தடவை ஆரம்பிச்சிருப்பேன். அண்ணன்னு சொன்னதும் வாயை அடைச்சுடுவீங்க. திங்கக்கிழமை காலையிலகூட ஆரம்பிச்சேன்."

பட்டறையில் நாலு பேர் முன்னால் அவர் கேட்ட கேள்வி இப்போது திரும்பி வந்து அவர் முன்னாலேயே நின்றது. மச்சானாவது ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனும் சொல்லவில்லை. இரண்டு வீராப்புக்கும் நடுவில் இவள் ஒன்பது வருடம் துணி காயப்போட்டிருக்கிறாள்.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. ஜல்லி ஏற்றின டிப்பர் லாரி ஒன்று, அதற்குப் பின்னால் ஆள் நிறைந்த இன்னும் இரண்டு வண்டி. லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்தார், திட்ட வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லாருமாகச் சேர்ந்து, உடைந்த சக்கரத்தையே மறுபடி பேருக்கு மாட்டி, வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். விஷயம் தெரிந்ததும் லாரி டிரைவர், "ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. அக்கா வேணா ஏறட்டும், ஊருக்குள்ள கொண்டுபோய் விட்டுடறேன்" என்றார்.

அவள் தலையணையையும் துண்டுகளையும் எடுத்துக்கொண்டாள். அவருடைய சட்டையை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க?"

"நீ போ. நேரமாக்காத."

"அண்ணன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

அவர் வாயைத் திறந்தார். அத்தனை கிலோமீட்டர் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "சக்கரத்தைப் பத்தி நீ எங்கிட்ட சொல்லிட்டன்னு சொல்லு" என்றார் கடைசியில். அவள் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். அப்போது மணி ஒன்றரை.

வண்டிகள் போனபின் ரோட்டில் அவர் மட்டும்தான். கருவிப்பெட்டியைக் கிளறினார். பேட்டரி முனையைச் சுரண்டுகிற சின்ன அரம் ஒன்று அடியில் கிடந்தது, அரைச்சாண் நீளம். புது ஸ்டெப்னியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு முதல் ஓட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. தேய்த்தார், தேய்த்தார், வெயில் முதுகை உரித்தது. ஒரு மணி நேரத்தில் கை கொப்பளித்தது. இரண்டு மணி நேரத்தில் கொப்புளம் உடைந்தது. வெயில் சாயும்போது விரலை விட்டுப் பார்த்தார். முதல் ஓட்டையின் ஓரத்தில் ஒரு பளபளப்பு தெரிந்தது, ஒரு தாள் கனம்கூடத் தேயவில்லை. இன்னும் ஐந்து ஓட்டை அப்படியே இருந்தது. மச்சான் எப்படி மூன்றே நாளில் முடித்தார் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாத இடம், வாய்விட்டே அழுதார்.

எதிரே வந்த ஒரு டிராக்டர்காரர் அவரைக் கேட்வரை ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அங்கேதான் போனுக்குச் சிக்னல் உண்டு. போனைக் கையில் எடுக்கும்போதே அடித்தது.

"போய்ச் சேந்துட்டியா?" என்றார்.

"சேந்துட்டேன்" என்றாள். "அண்ணன் நாலரை மணிக்குப் போயிட்டாரு. நான் வந்தது அஞ்சரைக்கு."

அவர் கேட் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நினைவு நல்லா இருந்துச்சாம். பேப்பர்ல எழுதிக் காட்டிட்டு இருந்தாராம்." மூக்கை உறிஞ்சினாள். "திங்கக்கிழமை பால்வண்டியில வந்திருந்தா…" அவளாகவே வேறு பேச்சுக்கு வந்தாள். "நாம குவாரி ரோட்டுல வண்டி எடுத்துட்டு வர்றோம்னு அண்ணி சொன்னதும் அவங்கதான் பயந்தாங்களாம், மோசமான ரோடாச்சே, எப்படி வந்து சேருவாங்கன்னு. அதுக்கு அண்ணன் எழுதிக் காட்டினாராம். அந்தப் பேப்பரை அண்ணி எங்கிட்ட குடுத்தாங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"'நான் பண்ணிக் குடுத்த ஸ்டெப்னி இருக்கு. வந்துடுவாங்க'ன்னு."

கேட்காரர் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து, "என்ன சார், வண்டி எங்க? ஸ்டெப்னி இருந்துச்சே?" என்று கேட்டார். பிக்கப்காரர் அவரைப் பார்த்தார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அவள் பால்வண்டியில் வந்து இறங்கினாள். பிக்கப் இன்னும் குவாரி ரோட்டு ஓரத்திலேயே கிடந்தது. அதைப் போய் எடுத்துவர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. பையை வைத்துவிட்டு அவள் ஒரு வாளித் துணியைத் துவைத்தாள். அந்தப் பருத்தித் துண்டு இரண்டும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்திருந்தன. அதையும் சேர்த்தே அலசிப் பிழிந்து, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள்.

அவர் கொடிக்கம்பத்தின் அடியில் கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தார். சக்கரத்தைச் சுற்றிச் சிமென்ட்டைக் கொத்தியிருந்தார். ஆறில் நாலு ஓட்டைகள் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக, ஒரே நீளத்துக்கு, பிசிறில்லாமல் தேய்க்கப்பட்டிருந்தது. அவர் சுட்டுவிரலை ஒரு ஓட்டைக்குள் விட்டு ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கை நிறையக் கட்டு.

"என்ன பண்றீங்க?"

"எடுத்துடலாம்னு பாத்தேன். மச்சான் வேலை. இப்படிப் போட்டு வச்சிருக்கக் கூடாது."

அவள் வாளியைக் கீழே வைத்து, முதல் துண்டை எடுத்து உதறினாள்.

"விடுங்க" என்றாள். "எடுத்துட்டா துணியை எங்க காயப்போடறது?"

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அவள் துண்டைக் கொடியில் போட்டு ஓரத்தை இழுத்துவிட்டாள்.